பார்க்காமல் வாங்கிய ஜீப்

போடியில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குப் பழைய ஜீப் ஒன்று தேவைப்பட்டது. மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்துப் பாதையில் சாதாரண வண்டி ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற 'ஃபோர் வீல் டிரைவ்'தான் வேண்டும். புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. ராணுவத்தில் கண்டம் செய்து ஏலத்தில் விட்ட வண்டி ஒன்று, கைமாறிக் கைமாறி விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினார். துணைக்கு ஒரு மெக்கானிக் பாய். வேடிக்கை பார்க்க நான்.

வண்டி பளபளவென்று நின்றது. பச்சைப் பெயின்ட், புது சீட், புது டயர். நண்பர் அப்போதே மயங்கிவிட்டார். பாய் அசரவில்லை.

"பெயின்டை எதுக்கு சார் பாக்கறீங்க? அது நேத்து அடிச்சது. அடியில பாருங்க."

சொல்லிவிட்டு ஒரு சாக்கைத் தரையில் விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவரால் சேஸை இங்கே அங்கே தட்டினார். ஒரு இடத்தில் 'டங்' என்று வந்த சத்தம் இன்னொரு இடத்தில் 'டொப்' என்று வந்தது. வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அப்புறம் வண்டியை ஓடைமணலில் இறக்கச் சொன்னார். இரண்டாவது லிவரைப் போட்டதும் முன்சக்கரம் இரண்டும் இழுக்க வேண்டும். சத்தம் மட்டும்தான் வந்தது. சக்கரம் சும்மா நின்றது.

விற்க வந்தவர் விடவில்லை. "அதெல்லாம் சின்ன வேலைதான் சார். அட்வான்ஸ் போட்டுட்டுப் போங்க. சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாங்க."

பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டியப் பாத்துட்டுதாங்க அட்வான்ஸ். அட்வான்ஸ் குடுத்துட்டு வண்டியப் பாக்கற பழக்கம் நமக்கு இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. 1948-ல் இந்திய அரசாங்கத்துக்கு இப்படி ஒரு பாய் வாய்த்திருந்தால், சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் என்று இன்றுவரை பேசப்படுகிற அந்த விவகாரமே நடந்திருக்காதே!

போஃபர்ஸ் பீரங்கி எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தாத்தா ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜீப்.

*

முதலில் ஜீப்பின் பிறப்பு. அதிலேயே ஒரு அநியாயம் இருக்கிறது.

1940-ம் வருடம். ஐரோப்பாவில் ஹிட்லர் நாடு நாடாக விழுங்கிக்கொண்டிருக்கிறார். போருக்குள் எப்படியும் இழுக்கப்படுவோம் என்று அமெரிக்க ராணுவத்துக்குத் தெரிந்துவிட்டது. காடு, மலை, சேறு எங்கேயும் ஓடுகிற, எடை குறைந்த நாலு சக்கர இழுவை வண்டி வேண்டும் என்று ஜூலை மாதம் 135 கம்பெனிகளுக்கு ஓலை அனுப்பினார்கள். மாதிரி வண்டியை 49 நாட்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் 'முடியாத காரியம்' என்று ஒதுங்கிக்கொண்டன.

பென்சில்வேனியா மாநிலத்தில் பேன்டம் என்று ஒரு சின்னக் கம்பெனி. ஏறக்குறைய திவாலாகிற நிலைமை. இழக்க ஒன்றுமில்லாதவனுக்குத்தானே தைரியம் வரும்? கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற எஞ்சினீயரைப் பிடித்தார்கள். அவர் ராப்பகலாக உட்கார்ந்து படம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23-ம் தேதி, கெடு முடிகிற அன்று, வண்டியை ராணுவ முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். ராணுவத்துக்கு வண்டி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்புறம்தான் வேடிக்கை. 'உங்களால் லட்சக்கணக்கில் செய்ய முடியாது' என்று சொல்லி, பேன்டம் போட்ட படங்களை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு ராணுவமே காட்டியது. போர் முடிவதற்குள் அந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்து தள்ளிய ஜீப்புகள் ஆறு லட்சத்துக்கும் மேல். பெற்ற தாயான பேன்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. மீதிக் காலத்துக்கு ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்து பிழைத்தது.

1945-ல் போர் முடிந்தது. இப்போது லட்சக்கணக்கான ஜீப்புகள் உலகம் முழுக்க அநாதையாக நின்றன. அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் கப்பல் கூலிக்குக் கட்டாது. எங்கே நின்றதோ அங்கேயே விற்றுவிட்டுப் போ என்றார்கள். சரித்திரத்தின் மாபெரும் செகண்ட் ஹேண்ட் வண்டி வியாபாரம் ஆரம்பித்தது.

*

பழைய ஜீப்பை வாங்கிய மூன்று பேரின் கதையைப் பார்ப்போம்.

முதல் ஆள், பிலிப்பைன்ஸ்காரர். போரில் மணிலா நகரம் தரைமட்டமாகியிருந்தது. பஸ் இல்லை, டிராம் இல்லை. அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை உள்ளூர்க்காரர்கள் வாங்கினார்கள். பின்பக்கத்தை வெட்டி நீட்டினார்கள். எதிரெதிரே இரண்டு பெஞ்ச் போட்டார்கள். மேலே கூரை, உடம்பெல்லாம் கலர் கலராகச் சித்திரம். 'ஜீப்னி' பிறந்தது. எழுபது வருடங்களுக்கு மேலாக அந்த நாட்டு ஏழை ஜனங்களைச் சுமந்த வண்டி அதுதான். வாங்கியவரே டிரைவர், அவரேதான் மெக்கானிக். எந்த போல்ட் எங்கே ஆடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது ஆள், இங்கிலாந்துக்காரர். மாரிஸ் வில்க்ஸ் என்று பெயர். ரோவர் கார் கம்பெனியின் தலைமை எஞ்சினீயர். வேல்ஸ் பக்கத்தில் ஆங்கிள்ஸி தீவில் இருந்த தன்னுடைய பண்ணைக்காக ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்ட ஓட்ட அதன் பலமும் தெரிந்தது, பலவீனமும் தெரிந்தது. 'இது செத்துப்போனால் வேறு என்ன வாங்குவது? இந்த மாதிரி வண்டி நம் ஊரில் யாருமே செய்யவில்லையே!' என்று யோசித்தார். கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ். அண்ணனும் தம்பியும் பேசி முடித்தார்கள். முதல் மாதிரி வண்டியை ஜீப்பின் சேஸ் மேலேயே கட்டினார்கள். போருக்குப் பின் இரும்புக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. அதனால் பாடிக்கு அலுமினியம். 1948 ஏப்ரல் 30-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டியை உலகத்துக்குக் காட்டினார்கள். லேண்ட் ரோவர்! விலை 450 பவுண்டு. அந்த வம்சத்தின் கடைசி வாரிசு 2016 ஜனவரியில்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

இந்த 450 பவுண்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது ஆள், இந்திய அரசாங்கம்.

*

1947 அக்டோபர் 22. பாகிஸ்தான் பக்கத்திலிருந்து பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் புகுந்தன. 26-ம் தேதி மகாராஜா ஹரி சிங் இந்தியாவுடன் சேர்வதாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் டெல்லியிலிருந்து விமானத்தில் சீக்கிய ரெஜிமென்ட் வீரர்கள் ஸ்ரீநகரில் போய் இறங்கினார்கள்.

ஆட்களை விமானத்தில் இறக்கிவிடலாம். அப்புறம்? சோறு, குண்டு, மருந்து, பெட்ரோல் எல்லாம் தரைவழியாகத்தான் போயாக வேண்டும். காஷ்மீருக்குப் போகிற நல்ல பாதை ராவல்பிண்டி வழியாக இருந்தது. பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. நமக்குக் கிடைத்தது பதான்கோட், ஜம்மு வழியாகப் போய் ஒன்பதாயிரம் அடிக்கு மேல் பனிஹால் கணவாயில் ஏறி இறங்குகிற மோசமான பாதை. இன்று நாம் பேசுகிற ஜவாஹர் சுரங்கப்பாதை திறந்ததே 1956-ல்தான். பனி கொட்டுகிற நாளில் அந்த ரோட்டில் லாரி ஓட்டுவது எமனோடு கபடி ஆடுகிற விஷயம். இதற்கென்றே பிறந்த வண்டி ஜீப். ராணுவம் ஜீப் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில்.

எங்கே போய் வாங்குவது? அமெரிக்காவில்தான் புது ஜீப் கிடைக்கும். அங்கே வாங்க டாலர் வேண்டும். நம்மிடம் டாலர் பஞ்சம். ஆனால் லண்டனில் நம் பெயரில் பவுண்டு மலையாகக் குவிந்திருந்தது. போர்க்காலத்தில் பிரிட்டன் நம்மிடம் கடனாக எடுத்துக்கொண்ட சரக்குக்கும் சேவைக்குமான பாக்கி அது. நூறு கோடி பவுண்டுக்கும் மேல்! 'ஸ்டெர்லிங் பேலன்ஸ்' என்று பி.காம். பாடத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் ஐந்து மார்க் கேள்வி. இந்த ஜீப் கதையைப் படித்தபோதுதான் அதன் அர்த்தமே புரிந்தது. பவுண்டு இருக்கிறது, டாலர் இல்லை. அதனால் லண்டனில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். லண்டனில் கிடைத்தது, போரில் ஓடி முடித்த பழைய ஜீப். போதாக்குறைக்கு, காஷ்மீர் சண்டையைக் காரணம் காட்டி இந்தியா, பாகிஸ்தான் இரண்டு பேருக்கும் ஆயுதம் அனுப்புவதை 1948-ல் அமெரிக்கா நிறுத்தி வைத்தது.

லண்டனில் அப்போது நம் ஹை கமிஷனர் வி.கே. கிருஷ்ண மேனன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, லண்டன் போய் அங்கேயே பல வருடம் தங்கி, 'இந்தியா லீக்' மூலம் சுதந்திரத்துக்காகத் தொண்டை வறளப் பேசியவர். புகழ்பெற்ற பெலிகன் புத்தக வரிசையின் ஆரம்பகால ஆசிரியர். டீயும் பிஸ்கட்டும் இருந்தால் நாள் முழுக்க ஓட்டிவிடுவார். நேருவுக்கு உயிர் நண்பர். மூளை கத்தி மாதிரி, நாக்கு அதைவிட. இத்தனை இருந்தும் வியாபாரம் தெரியாது. இன்னொரு குறையும் உண்டு. ஃபைல், டெண்டர், ஆபீஸ் நடைமுறை என்று யாராவது பேசினால் மேனனுக்குப் பொறுமை போய்விடும். போர் நடக்கிறது, சீக்கிரம் வண்டி வேண்டும். நடைமுறையை ஒதுக்கிவிட்டு அவரே ஒப்பந்தத்துக்குப் போனார்.

*

ஒப்பந்தத்தின் சாரம் இதுதான். மராமத்து செய்து புதுப்பித்த பழைய ஜீப்புகள் 2,000. ஒன்று 300 பவுண்டு. மொத்தம் 6 லட்சம் பவுண்டு. அப்போது ஒரு பவுண்டுக்குப் பதின்மூன்று ரூபாய் ஐந்து அணா சொச்சம். ஆகக்கூடி, 80 லட்சம் ரூபாய்.

எண்பது லட்சம்தானே என்று நினைக்காதீர்கள். அன்றைக்குப் பத்து கிராம் தங்கம் நூறு ரூபாய்க்கும் கீழே. இந்தப் பணத்தில் 800 கிலோவுக்கு மேல் தங்கம் வாங்கியிருக்கலாம். நம் ஊர்க் கணக்கில் லட்சம் பவுன்! அகதிகளுக்குக் கூடாரம் போட வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்த நாடு இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விலை நியாயமா? போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் புத்தம்புது ஜீப்புக்குக் கொடுத்தது சுமார் 740 டாலர். 1948-ன் கணக்கில், ஒரு பவுண்டுக்கு நாலு டாலர் என்று வைத்தால், 185 பவுண்டு. 1945-ல் பொதுமக்களுக்காக வில்லிஸ் கொண்டுவந்த புது ஜீப் 1,090 டாலர். அதாவது 270 பவுண்டு. நாம் பழைய வண்டிக்கு 300 பவுண்டு பேசியிருக்கிறோம்! ராணுவம் லட்சக்கணக்கில் வாங்கியதால் விலை குறைவு, நமக்கு டாலர் கிடையாது, உதிரிபாகம், மராமத்துக் கூலி என்று சமாதானம் சொல்லலாம். சொல்லிக்கொள்வோம். விலையையாவது மன்னித்துவிடலாம். மன்னிக்கவே முடியாதது, பணம் கொடுத்த விதம்.

மொத்தத் தொகையில் 65 சதவீதம் வண்டி இந்தியக் கரையைத் தொடுவதற்கு முன்பே. 20 சதவீதம் வண்டி வந்து சேர்ந்ததும். மீதி 15 சதவீதம் ஒரு மாதம் கழித்து. ஒவ்வொரு வண்டியையும் நம் ஆள் சோதித்துப் பார்த்து 'சரி' என்று எழுதிக் கொடுத்தால்தான் காசு என்கிற கறாரான ஷரத்து இல்லை. விற்கிற கம்பெனி யார்? யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு நிறுவனம். அதன் மூலதனமே சில நூறு பவுண்டுதான். ஆறு லட்சம் பவுண்டு வியாபாரத்துக்குச் சில நூறு பவுண்டு மூலதனம்! எதிர்பார்ட்டி ஏமாற்றினால் கேஸ் போட்டு ஜெயித்தாலும் அள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அக்கவுண்டன்சி படித்த எந்தப் பையனும் பார்த்தவுடன் சொல்லியிருப்பான்.

1949 ஜனவரி 1-ம் தேதி காஷ்மீரில் போர் நிறுத்தம் வந்தது. எந்தச் சண்டைக்காக அவசரம் அவசரமாக ஆர்டர் கொடுத்தோமோ அந்தச் சண்டையே முடிந்துபோயிற்று. ஜீப் வந்தபாடில்லை.

கடைசியில் வந்தன. எத்தனை? இரண்டாயிரத்தில் 155. அந்த 155-ஐயும் பார்த்த ராணுவத்து ஆட்கள், இவை எதற்கும் உதவாது என்று சொல்லிவிட்டார்கள். மலையேற வேண்டிய வண்டிகள் தாமே ஓடுகிற நிலையில்கூட இல்லை. பிரதமர் நேரு தலையிட்டு அவற்றை ஏற்றுக்கொள்ள வைத்தார்.

சரி, ஒரு தடவை ஏமாந்தோம். மேனன் விட்டதைப் பிடிக்க இன்னொரு கம்பெனியோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டார். இந்தத் தடவை 1,007 ஜீப். மாதம் 68 வீதம் வர வேண்டும். விலை ஒன்றுக்கு 458 பவுண்டு சொச்சம். லேண்ட் ரோவரின் 450 பவுண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். இரண்டு வருடத்தில் வந்து சேர்ந்தது 49!

*

நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. பொதுக் கணக்குக் குழு தோண்டியது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் அமைந்த குழு, இதை முறையாக நீதி விசாரணைக்கு விட வேண்டும் என்று கருதியது. ஐயங்கார் திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் பிறந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். பிற்பாடு லோக்சபா சபாநாயகரானார். எதிர்க்கட்சிக்காரர் இல்லை, சுத்தமான காங்கிரஸ்காரர். அவரே கேட்டார்.

வருடங்கள் ஓடின. 1955 செப்டம்பர் 30-ம் தேதி உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் எழுந்து பதில் சொன்னார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. எதிர்க்கட்சிகளுக்குத் திருப்தி இல்லையென்றால் இதைத் தேர்தல் பிரச்னையாக ஆக்கிக்கொள்ளட்டும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

நாலு மாதம் ஆயிற்று. 1956 பிப்ரவரி 3-ம் தேதி கிருஷ்ண மேனன் மத்திய அமைச்சரானார். இலாகா இல்லாத மந்திரி.

1957-ல் தேர்தல் வந்தது. மேனன் பம்பாயில் நின்றார், ஜெயித்தார். பந்த் விட்ட சவாலுக்கு ஜனங்கள் பதில் சொல்லிவிட்டார்கள். அந்த ஏப்ரலிலேயே ராணுவ மந்திரி. எந்த ராணுவத்துக்கு உதவாத ஜீப் வாங்கினாரோ, அதற்கே!

அடுத்த வருடமே இன்னொரு கிருஷ்ணனுக்கு வேறு மாதிரி நடந்ததையும் சொல்ல வேண்டும். எல்.ஐ.சி. பணம் 1.24 கோடி ரூபாயை முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் போட்ட விவகாரம். நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தியே சபையில் எழுந்து கிழித்தார். நீதிபதி சாக்ளா வெளிப்படையாக விசாரித்தார். நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். ஒரு கிருஷ்ணன் வீட்டுக்கு, இன்னொரு கிருஷ்ணன் மந்திரிசபைக்கு. இரண்டு பேரில் யார் பெரிய தப்பு செய்தவர் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஒன்றில் விசாரணை நடந்தது, இன்னொன்றில் நடக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

மேனன் காசு வாங்கினாரா? ஒரு பைசா வாங்கியதாக யாரும் நிரூபித்ததில்லை. அவருடைய பரம விரோதிகள்கூட அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று சொல்லத் தயங்குவார்கள். அவர் ராணுவ மந்திரியாக இருந்தபோதுதான் 1959-ல் ஜபல்பூரில் 'சக்திமான்' லாரிகள் தயாராக ஆரம்பித்தன. வெளிநாட்டில் கையேந்தாமல் நம் வண்டியை நாமே செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். லண்டனில் சுட்ட விரல் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1962-ல் சீனப் போர் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1974-ல் காலமானார்.

அவர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தக் கதை இன்னும் கசக்கிறது. பொதுப் பணம் பாழாகத் திருடன்தான் வேண்டும் என்பதில்லை. அவசரப்படுகிற ஒரு நல்ல மனிதரும், 'அவர் நல்லவர், கேள்வி கேட்காதே' என்று சொல்கிற ஒரு நண்பரும் போதும். விசாரணை நடந்திருந்தால் மேனனின் பெயரும் துடைக்கப்பட்டிருக்கும். ஃபைலை மூடியதால் ஜீப் ஊழல் என்றாலே மேனன் என்று எழுபது வருடத்துக்கு மேலாக ஒட்டிக்கொண்டுவிட்டது. நண்பருக்கு நேரு செய்த உதவி அதுதான்.

*

நம் ஊரிலேயே ஜீப் பூட்டுகிற வேலையும் அதே காலத்தில் ஆரம்பித்துவிட்டது என்பது இந்தக் கதையின் உபரி வேடிக்கை. 1945-ல் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து ஆரம்பித்த 'மஹிந்திரா அண்ட் முகமது' கம்பெனி, 1940-களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சரானார், அப்புறம் கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே முகமது போய் இன்னொரு மஹிந்திரா வந்தார். போடி, கம்பம், குமுளிப் பக்கம் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறிய ஜீப்புகள் எல்லாம் அந்தக் கம்பெனியின் வாரிசுகள்தான்.

என் நண்பரும் கடைசியில் அதில் ஒன்றைத்தான் வாங்கினார். இரண்டு மாதம் தேடி, நாலு வண்டி பார்த்து, ஐந்தாவதாகக் கிடைத்தது. பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, பார்க்கச் சகிக்காது. பாய் வழக்கம்போல சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தார். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். எல்லா இடத்திலும் 'டங்'. மணலில் இறக்கி லிவரைப் போட்டார்கள். நாலு சக்கரமும் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு மேலே ஏறியது.

வெளியே வந்த பாய் கை துடைத்துக்கொண்டே நண்பரைப் பார்த்துச் சொன்னார்: "இப்பக் குடுங்க சார் அட்வான்ஸ்."